எல்லாப் பக்கமும் பல் பதிந்த பைப்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த நாட்களில், திருமயம் சந்தையில் இது ஆரம்பித்தது.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் நிலைத்ததில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் பரோட்டாக் கடை, சத்தீஸ்கரில் போர்வெல் போடும் வண்டியில் ராடு தூக்கும் வேலை என்று சுற்றினேன். வேலை பிடிக்காமல் விட்டது கொஞ்சம்தான். அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கிளம்பியதே அதிகம். கடைசியில் புதுக்கோட்டைக்கே திரும்பி வந்து, பழைய சாமான் வாங்கி விற்கத் தொடங்கினேன். பூட்டு, சாவி, டார்ச் லைட், ஓடாத கடிகாரம், ரேடியோ, பித்தளைப் படி. சந்தைக்குச் சந்தை போய் ஒரு தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தால் அதுதான் கடை.

அந்த மாதம் என் மொபெட்டின் இன்ஜின் இறுகிப்போய் மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. "இதுக்குச் செலவு பண்றதுக்கு வேற வண்டி பாருங்கண்ணே" என்று அவன் கையைத் துடைத்துவிட்டான். சந்தை வியாபாரத்தில் வண்டி இல்லாதவன் பாதி ஆள். இரும்புச் சாக்கோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முகத்தைச் சுளிப்பார். ஏற்றிக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் அன்றைக்குச் சந்தை இல்லை. சந்தை இல்லாத நாளில் டீயும் வடையும்தான் சாப்பாடு.

புதுக்கோட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் சாக்கு சாக்காகக் கிளறி, விற்கக்கூடியதை மட்டும் பொறுக்கி வாங்குவது என் வழக்கம். அப்படி ஒரு தடவை, துருப்பிடித்த கீல்களுக்கு நடுவில் அந்தப் புகைக்குழாய் கிடைத்தது. பழைய படங்களில் பணக்கார அப்பாக்கள் வாயில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி பைப். மரத்தில் கிண்ணம், கறுப்பு ரப்பர் மாதிரி ஒரு ஊதுகுழல், இரண்டும் சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு வெள்ளிப் பட்டை. ரப்பர் பச்சையும் பழுப்புமாக வெளுத்துப் போயிருந்தது. விற்குமா என்று தெரியவில்லை. பார்க்க வேடிக்கையாக இருந்ததால் எடுத்துக்கொண்டேன்.

திருமயத்தில் அதைத் தார்ப்பாயின் முன்வரிசையில் வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குனிந்து எடுத்தார். உள்ளூர் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர், இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது சென்னையில் இருக்கிறார், கோயில் திருவிழாவுக்காக வந்து பெரிய வீட்டைத் திறந்து தங்கியிருக்கிறார் என்பதெல்லாம் பேச்சில் தெரிந்தது. பழைய பைப் சேர்ப்பது அவருக்கு ஒரு பித்து.

"எதுலயும் தேய்ச்சிராதீங்க. புளி, சாம்பல் ஒண்ணும் போடக் கூடாது. அப்படியே இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து மடக்கு லென்ஸ் ஒன்றை எடுத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளிப் பட்டையில் எறும்புத் தலை அளவுக்குச் சின்னச் சின்ன முத்திரைகள். ஒரு நங்கூரம், நடக்கிற சிங்கம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் மழுங்கிப்போன ஏதோ ஒன்று.

"நங்கூரம்னா பர்மிங்காம்ங்கிற ஊர்ல சோதிச்ச வெள்ளி. சிங்கம்னா தரமான வெள்ளி. இந்த மூணாவதுதான் வருஷத்துக்கான எழுத்து. அதத்தான் யாரோ தேய்ச்சே தின்னுட்டாங்க."

பிறகு ஊதுகுழலை மெதுவாகத் திருகினார். அது கழன்று வந்தது. உள்ளே மரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்று.

"எலும்புத் திருகு. இப்படிப் பண்றதெல்லாம் அந்தக் காலத்தோட போச்சு. நூறு வருஷத்துக்குக் கொறையாது."

நூறு வருடத்துச் சாமான் ஒன்று என் தார்ப்பாயில், ஓடாத டைம்பீஸுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது.

"வயச நான் சொல்லிட்டேன். யாரோடதுன்னு நீங்க கண்டுபிடிங்க" என்றார் அவர். "சமஸ்தானத்துல வேல பாத்த வெள்ளக்காரத் துரை யாராவது இருக்கணும். அவர் வீட்டுச் சமையக்காரர், அவர் வாரிசு, இப்படித்தான் கைமாறி வரும். எந்தத் துரை, எந்த பங்களான்னு தெரிஞ்சா நான் எடுத்துக்கிறேன். தெரியாட்டி, இது மாதிரி எங்கிட்ட அலமாரி நெறைய இருக்கு."

நான் பஸ்ஸில் வந்த கதையைக் கேட்டுவிட்டு இன்னொன்றும் சொன்னார். வாட்ச்மேனுக்காக அவர் வாங்கிய மொபெட் ஒன்று, வாட்ச்மேன் வேலையை விட்டு நின்றுபோனதால், வீட்டுக் கொட்டகையில் சும்மா நிற்கிறதாம். "சரியான விவரத்தோட பைப்பக் கொண்டாங்க. வண்டிய ஓட்டிக்கிட்டுப் போங்க. திருவிழா முடியிறவரைக்கும் இங்கதான் இருப்பேன்."

பக்கத்தில் வெங்காயம் விற்கும் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் நான் சாக்கைத் தோளில் ஏற்றும்போது, "என்ன தொரை, இன்னிக்கும் பஸ்தானா? சாரட்டு வரலையா?" என்றார். அன்றிலிருந்து சந்தையில் எனக்கு அதுதான் பெயர்.

அறைக்கு வந்து பைப்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். போனில் வெள்ளைக்காரர்கள் பைப் பிடிக்கும் வீடியோக்களாகத் தேடிப் பார்த்தேன். இங்கிலீஷ் புரியாவிட்டாலும் வாய் தெரிகிறதே. ஒரு விஷயம் கவனித்தேன். ஒவ்வொருவரும் பைப்பை ஒரே பக்கமாகத்தான் கடிக்கிறார்கள். நெருப்பும் ஒரு ஓரத்திலேயே வைப்பதால் கிண்ணத்தின் அந்த விளிம்புதான் கருகுகிறது.

என் பைப்பில் பல் தடம் எல்லாப் பக்கமும் இருந்தது. மேலே, கீழே, இடது ஓரம், வலது ஓரம். அகலமான பல், குறுகலான பல். சில தடங்கள் சின்னப் பிள்ளைகளின் பல் அளவுக்கு இருந்தன. நானே வாயில் வைத்துக் கடித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே ஆள் இப்படிக் கடிக்க வழியே இல்லை. கிண்ணத்தின் விளிம்பும் சுற்றிலும் ஒரே மாதிரி கருகியிருந்தது. உள்ளே யாரோ களிமண்ணை மெல்லிசாகப் பூசியிருந்தார்கள். ஒரு கம்பியை விட்டு அடியை லேசாகக் கிளறினேன். புகையிலை வாசனை துளியும் இல்லை. எரிந்த எண்ணெய் வாசனைதான் வந்தது. கூடவே கரியோடு ஒட்டிக்கொண்டு, தட்டையாகச் சின்னச் சின்ன விதைகள் உதிர்ந்தன. பார்த்தால் கத்தரி விதை மாதிரி இருந்தது.

எந்தத் துரை கத்தரி விதையைப் புகைத்திருப்பார்? அவர் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டா? ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் மொபெட்டைவிட இந்தக் கேள்விதான் அதிகமாக என்னை அரித்தது.

பழைய இரும்புக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "கறம்பக்குடிப் பக்கம் ஒரு வீட்ட இடிச்ச சாமான். ஏன், வேற ஏதும் சிக்கலா?" என்றார். துரைமார் யாரும் அங்கே பங்களா கட்டியிருந்ததாக அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த கறம்பக்குடிச் சந்தைக்குப் போனேன். அங்கே வேர், பட்டை, காய்ந்த மூலிகை எல்லாம் கூறுபோட்டு விற்கும் அக்கா ஒருவர் உண்டு. காகிதத்தில் மடித்து வைத்திருந்த விதைகளை நீட்டினேன். உள்ளங்கையில் கொட்டி, விரலால் தள்ளிப் பார்த்தார்.

"கத்திரி இல்ல. கண்டங்கத்திரி. மேலெல்லாம் முள்ளா, மஞ்சக் காயா தரையோட படந்து கெடக்குமே, அது. எங்கிட்டு எடுத்த?"

பைப்பைக் காட்டினேன். ஒரு நொடி பார்த்தார். பிறகு சந்தையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"அட, பல்லுப் புழு எடுக்குற சுங்கானுய்யா இது! பொக பிடிக்கிறதுன்னா நெனச்ச? ஊருல உள்ள சொத்தப் பல்லு பூராம் இதத்தான் கடிச்சிருக்கும்."

அதை நானும் கடித்துப் பார்த்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அவரே விளக்கினார். கிண்ணத்தில் சின்னத் தணல் துண்டுகளைப் போட்டு, எண்ணெயில் பிசறிய கண்டங்கத்திரி விதையை அதன்மேல் தூவுவார்கள். பல் வலிக்காரர் குழலைச் சொத்தைப் பல்லுக்கு நேராக வைத்து, கடித்துக்கொண்டு இழுத்து, புகையை வாயிலேயே அடக்க வேண்டும். பிறகு தண்ணீர்த் தட்டில் கொப்பளித்தால் வெள்ளைப் புழு விழுமாம். "இந்தப் பக்கம் ஒரே வீட்லதான் பாத்தாக. மாமனாரு பாத்தாரு, அவருக்குப் பின்னால மருமக. அஞ்சு பைசா வாங்க மாட்டாக" என்று ஊரையும் வழியையும் சொன்னார்.

என் கை சும்மா இருக்காது. அவரிடமே கொஞ்சம் விதை வாங்கி, பஸ் ஸ்டாண்டு டீக்கடை அடுப்பில், எண்ணெய் விட்ட கரண்டியில் போட்டுக் காய்ச்சிப் பார்த்தேன். "ஏண்ணே, டீ போடவா, உங்களுக்கு வைத்தியம் பண்ணவா?" என்று டீ மாஸ்டர் கத்தினார். விதைகள் படபடவென்று வெடித்தன. ஒவ்வொன்றின் உள்ளிருந்தும் சுருண்ட வெள்ளை நூல் ஒன்று வெளியே வந்தது. பார்க்கப் புழுவேதான். ஆனால் அந்தக் கரண்டியில் பல் எதுவும் இல்லை.

இப்போது என்னிடம் இரண்டு விஷயங்கள் இருந்தன. திருமயத்துக்காரர் கேட்ட விவரம் ஏறக்குறையக் கிடைத்துவிட்டது. பல் வைத்தியம் பார்த்த வீட்டார் இதுவரை கவனிக்காத ஒன்றும் எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பைப் எந்தத் துரையிடமிருந்து அந்த வீட்டுக்கு வந்தது என்று மட்டும் கேட்டுவிட்டால் மொபெட் என்னுடையது.

வேர் விற்கும் அக்கா சொன்ன ஊருக்குள் பாதி கட்டிய கான்கிரீட் வீடு ஒன்று நின்றது. தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், ஐம்பது தாண்டியிருக்கும், புதுச் சுவருக்கு ஹோஸில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து பைப்பை எடுத்ததுமே ஹோஸைக் கீழே விட்டுவிட்டார். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

"ஆத்தே! எஞ் சுங்கானு! டேய், இங்கிட்டு வாடா! அள்ளிப் போட்டியே, வந்து பாரு!"

மாடிப்படி இல்லாத மாடியிலிருந்து மகன் ஏணியில் இறங்கி வந்தான். சவூதியில் வேலை, லீவில் வந்து வீடு கட்டுகிறான். "பழைய இரும்புன்னு நெனச்சேம்மா" என்றான்.

"இரும்பாடா இது? மரம்டா! கண்ணத் தொறந்து பாத்தியா? மூணு மாசமா கேக்குறேன், எங்க போட்டன்னு வாயத் தொறந்தியா?"

அவர் பைப்பைத் தொடவில்லை. என் கையிலிருந்ததை அப்படியும் இப்படியும் சாய்ந்து பார்த்தார். ஆயுத பூஜை தோறும் விபூதி போட்டு வெள்ளியைத் துலக்கிச் சந்தனம் வைப்பாராம். அந்த வருட எழுத்தை யார் தின்றது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

துரையைப் பற்றிக் கேட்டேன்.

"தொரையா? எம் மாமனாரு மலாயாவுல ரப்பர் மரம் சீவுனவரு. வரும்போது பினாங்குல, ரோட்டோரத்துல குமிச்சுப் போட்டு விக்கிறவன்ட்ட வாங்குனாராம். பப்பாளிக் குச்சிய வச்சுத்தான் அதுவரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தாரு. அது கடிச்சா நசுங்கும்னு இத வாங்குனாரு."

"துரை யாரும் குடுக்கலையா?"

"தொர அடிதான் குடுத்தாராம்."

மகன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். ஆனால் என் மொபெட் அந்த இடத்தில் நின்றுபோனது எனக்குக் கேட்டது. என்னைப் போலவே ஒருவர், என்னைப் போலவே ஒரு ரோட்டோரத்தில், யாருடையது என்று தெரியாமல் வாங்கியிருக்கிறார். அதற்கு முந்திய கதை அங்கேயே அறுந்துவிட்டது.

டீக்கடைக் கரண்டியில் பார்த்ததையும் மெதுவாகச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"புழு வெதைக்குள்ள இருந்துதான் வருது. எம் மாமனாரே சொல்லிருக்காரு. அதப் பாத்தாதான் சில பேருக்கு வலி எறங்குது, நான் என்ன செய்ய? அன்னைக்கி ராவு தூங்குவாக. விடிஞ்சதும் டவுன் டாக்டர்ட்ட போங்கன்னுதான் சொல்லி விடுவேன். இவனே பல்லு வலிக்கு டாக்டர்ட்டதான் போறான்."

என்னிடம் இருந்த ஒரே பெருமையும் அத்தோடு போனது.

பைப்பை அவரிடம் நீட்டினேன். அவர் ஓர் அடி பின்னால் போனார். "எவ்வளவுண்ணே, நான் தந்துர்றேன்" என்று மகன் பாக்கெட்டில் கை வைத்தான்.

"காசுன்னு வாயத் தொறந்த, அம்புட்டுத்தான்!" என்று அவனை அடக்கிவிட்டு என்னிடம் சொன்னார். "காசு பட்டா இந்த வைத்தியம் பலிக்காதுங்க. சும்மா கையில வாங்குனா அது கடன். நானும் தொடக் கூடாது, நீங்களும் தரக் கூடாது. மனசிருந்தா கீழ வச்சுட்டுப் போங்க. கீழ கெடந்தா நான் எடுத்துக்கிருவேன்."

உப்பைக் கையில் கொடுக்காமல் கீழே வைக்கச் சொல்வார்களே, அதே பழக்கம். எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் கீழே வைப்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரும் வாங்கிக்கொள்ளாத, நன்றி சொல்லாத ஒரு கொடுப்பு அது. நானாகக் குனிந்து நானாக விட வேண்டும்.

திருமயத்துக்காரரைப் பற்றி, மொபெட்டைப் பற்றி எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். அந்தம்மா முகம் மாறவில்லை.

"அப்ப கொண்டுபோங்க. நீங்க வெல குடுத்து வாங்குனது, நான் கேக்க முடியாது. பப்பாளி கொல்லையில நிக்கிது, குச்சி ஒடிச்சுக்கிருவேன். சின்னப் புள்ளைக கடிச்சா நசுங்கிப் போயி, பொக நாக்கச் சுட்டுருது. அதுக்காகத்தான் தேடுனேன்."

சொல்லிவிட்டு ஹோஸை எடுத்துக்கொண்டு சுவருக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். அவர் கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எந்தப் பக்கமாவது முடிவெடுத்திருப்பேன். வீட்டு முன்னால் எம்-சாண்ட் மணல் குவிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு துரையின் பெயரை நானே கட்டிச் சொன்னால்கூட வண்டி கிடைத்துவிடும் என்று மனசில் ஓடியது. விரலில் அந்தப் பல் தடங்கள் தட்டுப்பட்டன. சின்னப் பற்கள், ஓரத்தில். குவியலின்மேல் வைத்துவிட்டு நடந்தேன். பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பும் முக்கிலிருந்து பார்த்தபோது குவியலின்மேல் மணல் மட்டும்தான் இருந்தது.

திருமயத்துக்காரருக்குச் சொல்லாமல் இருப்பது முறையில்லை. அவர் வீட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"இதுதாம்ப்பா வேணும்! துரை பிடிச்ச பைப்பு ஊருக்கு ஆயிரம் இருக்கு. இந்த மாதிரி ஒண்ணு உலகத்துல இன்னொருத்தன்ட்ட இருக்காது. குடுத்துட்டா வந்தீங்க?"

உள்ளே போய் மொபெட் சாவியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். "ஊர் பேர மட்டும் சொல்லுங்க. நான் போய் மரியாதையாக் கேட்டுக்கிறேன். இந்தாங்க, இப்பவே எடுத்துக்கங்க."

பைப்பை விடுவதைவிட இது சின்ன விஷயம். ஒரே ஒரு சொல். அவரும் நல்ல மனிதர், மிரட்டி வாங்குகிற ஆள் இல்லை. சாவியில் பழைய சாமி டாலர் ஒன்று தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மா தர மாட்டாங்க சார். ஆனா மகன் வீடு கட்டிக்கிட்டு இருக்கான். நீங்க கேட்டா அவன் தந்துருவான். அதனாலதான் ஊர் பேரச் சொல்ல முடியல" என்றேன்.

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றார். சாவி மேஜைமேலேயே இருந்தது. அவரும் எடுக்கவில்லை, நானும் தொடவில்லை. காப்பி நன்றாக இருந்தது. குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

அந்த வருடம் மழைக்காலம் வரை சாக்கைத் தோளில் சுமந்துதான் சந்தைக்குப் போனேன். பொன்னமராவதிக்குப் போகும் வழியில் இரண்டு தடவை கண்டக்டர் இறக்கிவிட்டிருக்கிறார். பிறகு வேறு ஒரு பழைய வண்டி அமைந்தது, அது தனிக் கதை.

மாறியது ஒன்றுதான். வீடு இடிக்கிற இடத்தில் சாமான் எடுக்கப் போனால், சாக்கின் வாயைக் கட்டுவதற்கு முன்னால், வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு ஒரு தடவை கொட்டிக் காட்டுகிறேன். அடுப்படியிலிருந்து யாராவது கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதையாவது எடுத்துக்கொண்டு போவார்கள். சில வீடுகளில் பாதிச் சாக்கு காலியாகிவிடும். கூட வருகிற வியாபாரிகள், "பிழைக்கத் தெரியாத ஆளு" என்பார்கள். இருக்கலாம். ஒரு பொருளுக்கு எத்தனை வயது என்று துருவிப் பார்ப்பது இன்றைக்கும் எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் அதற்கு முன்னால், அதை இன்னும் யாராவது தேடிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.